சிவக்காத கண்

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலையிலிருந்து மாலைவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை லேசாக வைத்தபடி, யாராவது கிளட்சைப் படக்கென்று விட்டுவிடப்போகும் கணத்துக்காகக் காத்திருப்பதுதான் தொழில். பதறவும் கூடாது, தூங்கவும் கூடாது. இந்தக் குணம் அவளுக்குப் படம் எடுக்கவும் உதவியது. அல்லது படம் எடுத்து எடுத்துத்தான் அந்தக் குணம் வந்ததோ என்னவோ.

விடுமுறை நாட்களில் பூங்காக் குளத்தின் கரையில் குப்புறப் படுத்துக் கிடப்பாள். நீர்க்காகம் சிறகைக் காயவைக்க விரிக்கும்வரை அசைய மாட்டாள். எறும்பு ஏறினாலும் சரி, மழை தூறினாலும் சரி. நடக்க வருகிறவர்கள் முதலில் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள். பிறகு பழகிப்போய், "கேமராக்காரம்மா, இன்னைக்கு என்ன மாட்டிச்சு?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். அணில், தவளை, கம்பிவேலியில் காய்ந்துபோன கொடி, சாக்கடை மூடியின்மேல் குட்டிகளோடு படுத்திருக்கும் நாய், எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. எந்தப் போட்டிக்கும் அனுப்பியதில்லை. எடுப்பாள், கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பாள், மனசு நிறையும். அவ்வளவுதான்.

வீட்டு மனிதர்கள் பாடுதான் திண்டாட்டம். "கொஞ்சம் இருங்க, ஆவி நல்லா வருது" என்று டீக் கோப்பையைக் கையோடு பிடித்து நிறுத்துவாள். ஆவி படத்துக்குப் போகும். ஆறின டீ வாய்க்கு வரும். அவள் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விருந்தினர் யார் வந்தாலும் முன்கூட்டியே எச்சரித்துவிடுவார்: "என் பொண்டாட்டிக்கு நெற்றிக்கண் உண்டு. திறந்தா நீங்க எரிய மாட்டீங்க. சாப்பாடுதான் ஆறிப்போகும்."

அவர்கள் வீட்டுப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் முறைப்பதால் வந்த பெயர். அதை இருட்டு நடைவழியில் வைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கண் இரண்டும் பச்சை விளக்காய் எரியும். நாய்களுக்கு மஞ்சள். மனிதர்களுக்குச் சிவப்பு. கண்ணுக்குள் போன வெளிச்சம் உள்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, மனிதக் கண்ணின் உள்சுவரில் ரத்தக் குழாய்கள் அதிகம், அதனால் சிவப்பு என்று எங்கேயோ படித்து வைத்திருந்தாள். படித்ததைக் கணவரிடம் சொன்னபோது, "அப்ப எனக்குப் பச்சையா வந்தா மீன் வாங்கிக் குடு" என்றார்.

தங்கைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தங்கை சொந்தமாக ஒரு முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். தங்கையின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. உருவம் சிறியது, வாய் பெரியது என்பதால் சுண்டு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. கேமராக்காரிக்குப் பிள்ளைகள் இல்லை. சுண்டு பிறந்த அன்றிலிருந்து அவள் எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் குழந்தை கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கலாம்.

சுண்டுவின் இரண்டாவது பிறந்தநாளைத் தங்கை வீட்டுக் கூடத்தில் கொண்டாடினார்கள். பெரியப்பா கொண்டுவந்த கேக்கில் குழந்தை மூக்கைப் புதைத்தது. விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றியதால் ஃபிளாஷ் போட வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் அவள் படங்களைக் கணினியில் ஏற்றிச் சரிசெய்ய உட்கார்ந்தாள். ஃபிளாஷ் படத்தில் கண் சிவந்திருந்தால் அதைக் கறுப்பாக்க மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொரு கண்ணாகச் சொடுக்க வேண்டும். தங்கைக்குச் சொடுக்கினாள், லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சொடுக்கினாள், சுண்டுவின் வலது கண்ணில் சொடுக்கினாள். எல்லாம் கறுத்தன. சுண்டுவின் இடது கண்ணில் சொடுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொடுக்கினாள். அங்கே நீக்குவதற்குச் சிவப்பே இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தாள். கண்பாப்பாவின் நடுவில் பால் கலந்த மஞ்சளாக ஒரு வெளிச்சம். நாய்களுக்கு வருவதைப்போல.

கோணம் காரணமாக இருக்கும் என்று அடுத்த படத்துக்குப் போனாள். அதில் இரண்டு கண்ணும் சிவப்பு. மனசு லேசானது. அதற்கடுத்ததில் குழந்தை கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்திருந்தது. மறுபடியும் அந்த வெளிறிய வெளிச்சம். பழைய படங்களைத் திறந்தாள். ஃபிளாஷ் போட்டவை கொஞ்சம்தான், அவள் பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கிறவள். ஆனால் மழைக்காலத்தில் எடுத்த ஒன்றில் அது இருந்தது, சின்னதாக, பிறை மாதிரி. அன்றைக்கு அதைக் கவனித்த ஞாபகம் இல்லை. அதற்கு முந்தைய படங்களில் இல்லை.

கணவர் குளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"மெழுகுவர்த்தி வெளிச்சம் பட்டிருக்கும்."

"மெழுகுவர்த்தி ஒரு கண்ணுல மட்டும் படுமா?"

"கேக்கு கீக்கு ஒட்டியிருக்கும். அது மூஞ்சி பூரா கேக்குதானே."

அவள் சிரிக்கவில்லை. இணையத்தில் தேடினாள். இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கணினியை மூடிவைத்தாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார்.

மறுநாள் வகுப்புகளுக்கு நடுவே தங்கையின் கடைக்குப் போனாள். தங்கை ஒரு வாடிக்கையாளருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சுண்டு தரையில் உட்கார்ந்து முடி சுருட்டும் உருளைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. கடையின் பின்னறையில் வெளிச்சம் குறைவு. குழந்தையை அங்கே தூக்கிப்போய், இங்கே பாரு, அங்கே பாரு, மேலே பல்லி பாரு என்று திருப்பித் திருப்பி எடுத்தாள்.

"அக்கா, பிள்ளைக்குக் கண்ணு கூசும்க்கா. போதும் விடு" என்று தங்கை குரல் கொடுத்தாள்.

கேமராவின் சின்னத் திரையிலேயே தெரிந்தது. சந்தேகப்பட இடமில்லை.

வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து சொன்னாள். இப்படிச் சொல்லலாமா, அப்படிச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "சுண்டுவ ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டணும். சீக்கிரமா" என்றுதான் வந்தது.

தங்கை படங்களைப் பார்த்தாள். கையுறையில் இருந்த சாயம் கேமராமேல் பட்டது.

"இதுல என்ன இருக்கு? பளபளன்னு இருக்கு. அவ்வளவுதானே."

"ஒரு கண்ணு மட்டும் இருக்குடி."

"தரைல கிடக்கற ஒத்தை முடியக் கூடப் பொறுக்கி வாயில போடறா. அவளுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியலைன்னு நான் சொல்லலை. காட்டிட்டு வரலாம்னு சொல்றேன்."

"நீ என்ன டாக்டரா? கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறவ. காக்காவையும் குருவியையும் எடுக்கற கேமராவ வெச்சுக்கிட்டு என் பிள்ளைக்கு நோய் கண்டுபிடிக்கறியா?" தங்கையின் குரல் உயர்ந்தது. "வாயக் கழுவு. பிறந்தநாள் முடிஞ்சு ரெண்டு நாள் ஆகலை. இனிமே அவள எடுக்காதே. எடுத்து எடுத்துக் கண்ணு பட்டதுதான் மிச்சம்."

கேமராக்காரி வெளியே வந்தாள். அடுத்த மாணவர் காரருகே காத்திருந்தார். அன்று இரண்டு முறை அவள் தேவையில்லாமல் பிரேக்கை மிதித்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். மனைவி கோபமாகச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு விலங்குப் படப் புத்தகத்தைத் திறந்தான். குழந்தை யானையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதன் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினான். அது கண்டுகொள்ளவே இல்லை, ஒட்டகத்துக்குப் போனது. கையை மாற்றி வலது கண்ணை மூடினான். குழந்தை உடனே அவன் கையைப் பிடித்து இழுத்தது. மறுபடி மூடினான். வீறிட்டு அழுதது. லிஃப்ட் நின்றுபோனால் எந்தக் கம்பியில் மின்சாரம் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவன் அவன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"அக்கா, அந்தப் படங்கள எனக்கு அனுப்புங்க. நாளைக்குக் காலைல போறோம்."

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"அவ உள்ள அழுதுக்கிட்டிருக்கா."

கண் மருத்துவமனையில் குழந்தைக்குச் சொட்டுமருந்து விட்டு இருட்டறையில் உட்காரவைத்தார்கள். மருத்துவர் ஓர் இளம்பெண். நெற்றியில் கட்டிய விளக்கோடு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு லிஃப்ட் மெக்கானிக் நீட்டிய போனில் இருந்த படங்களைப் பார்த்தார். அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துப் பரிசோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த மூத்த மருத்துவர் ஒரு காகிதத்தில் கண்ணைப் படமாக வரைந்து காட்டினார்.

"கண்ணுக்குள்ள பின்சுவர்ல ஒரு கட்டி வளர்ந்திருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் வர்ற புற்றுநோய். இந்தக் கண்ணுல பார்வை ஏற்கெனவே போயிடுச்சு. கண்ண எடுத்தாகணும்."

தங்கை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கண்ணு சுத்தமா இருக்கு" என்றார் மருத்துவர். "ஸ்கேன்ல பார்த்த வரைக்கும் கட்டி கண்ணைத் தாண்டி வெளிய போகலை. நரம்பு வழியா மூளைக்குப் போயிருந்தா நாம இப்ப வேற பேச்சு பேசிக்கிட்டிருப்போம். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. யார் கவனிச்சது?"

லிஃப்ட் மெக்கானிக்தான், "அவங்க பெரியம்மா" என்றான்.

அந்த வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. கேமராக்காரி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கை எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். குழந்தையை வெளியே கொண்டுவந்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. தங்கை எழுந்து கட்டிலின் பின்னாலேயே போனாள். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்த கண்ணைப் பரிசோதித்த முடிவு சில நாளில் வந்தது: நரம்பின் நுனியில் நோய் இல்லை, மேற்கொண்டு மருந்து வேண்டாம், தவறாமல் வந்து காட்டினால் போதும். அதையும் லிஃப்ட் மெக்கானிக்தான் போனில் சொன்னான். தங்கை பேசவில்லை.

தானாகப் போய்ப் பேசவும் கேமராக்காரிக்குக் கால் வரவில்லை. கணவர் மட்டும் பேக்கரியிலிருந்து வரும் வழியில் ரொட்டி கொடுக்கும் சாக்கில் அங்கே போய் வந்தார். "சுண்டு நல்லா இருக்கு. என் மீசையப் பிடிச்சு இழுத்துச்சு" என்பார். தங்கையைப் பற்றி அவரும் சொல்லமாட்டார், இவளும் கேட்கமாட்டாள்.

விடுமுறை நாளில் வழக்கம்போலப் பூங்காவுக்குப் போனாள். ஆனால் வாத்தைப் பார்த்தாலும் அணிலைப் பார்த்தாலும் முதலில் இடது கண்ணைத்தான் தேடினாள். அதனால் கண் இல்லாதவற்றை எடுத்தாள். மரப்பட்டை, கூழாங்கல், சருகு. கணவர் ஒருநாள் கணினியைப் பார்த்துவிட்டு, "என்ன, எல்லாம் ஒரே கட்டையா இருக்கு? ஒரு குருவியக் கூடக் காணோம்" என்றார்.

"குருவி வரலை."

"குருவி வந்திருக்கும். நீதான் போகலை."

அவள் அடுத்த சருகுப் படத்துக்குத் தள்ளினாள்.

ஒரு வேலைநாள் மதியம், மாணவர் ஒருவரை இறக்கிவிட்டு அடுத்தவருக்காகப் பயிற்சிப்பள்ளி வாசலில் காரின் பக்கத்து இருக்கையிலேயே காத்திருந்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு தங்கை ஏறி உட்கார்ந்தாள். இருக்கை பின்னால் தள்ளியிருந்ததால் அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடி பேசினாள்.

"உன்மேல எனக்குக் கோவம்க்கா."

"தெரியும்."

"நீ சரியாத்தான் சொன்னே. அதுக்குத்தான் கோவம். நீ சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. நீ வந்து சொன்ன பிறகுதான் அது வந்த மாதிரி இருக்கு. அப்படி இல்லைன்னு புத்திக்குத் தெரியுது. மனசுக்கு இன்னும் தெரியலை."

"மெதுவாத் தெரியட்டும்."

"பெத்தவ நான். தினம் அந்த மூஞ்சியத் துடைச்சு விடறவ. எனக்குத் தெரியாம உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கடி தெரிஞ்சுது? ஃபிளாஷ் போட்டதால தெரிஞ்சுது. நீ என்ன, பிள்ளை மூஞ்சில லைட் அடிச்சுப் பார்ப்பியா?"

தங்கை மூக்கை உறிஞ்சினாள். கைக்குட்டை இல்லாததால் கார் கண்ணாடி துடைக்கும் துணியை எடுக்கப் போனாள். கேமராக்காரி அதைப் பிடுங்கிக்கொண்டு தன் துப்பட்டாவை நீட்டினாள்.

பிறகுதான் தங்கை வந்த விஷயத்தைச் சொன்னாள். புண் ஆறிவிட்டது, இனி செயற்கைக் கண் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கண் செய்பவர் ஒருவர் இருக்கிறார். அச்செடுத்து, மெழுகில் வார்த்து, அந்த இன்னொரு கண்ணைப் பார்த்து அதேபோலக் கையாலேயே வர்ணம் தீட்டுவாராம். பெரியவர்கள் என்றால் எதிரே உட்காரவைத்துத் தீட்டிவிடலாம். சுண்டு வெள்ளை உடுப்பைக் கண்டாலே மேசைக்கு அடியில் போய்விடுகிறது.

"அசையாம இருக்கற மாதிரி, கண்ணு மட்டும் பெரிசா, கலர் மாறாம நாலு படம் இருந்தா அத வெச்சுச் செஞ்சுடறேன்னாரு. யாராச்சும் நல்லா எடுக்கறவங்க இருக்காங்களான்னு கேட்டாரு." தங்கை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு வேற வேலையே இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன்."

அடுத்த மாணவர் வந்து கார் அருகே நின்றார். தங்கை இறங்காததால் அவர் தயங்கித் தயங்கிப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பெண்கள் அழுதுகொண்டே சிரிப்பதை அவர் பார்க்காததுபோல இருந்தார்.

படம் எடுக்கிற நாளன்று காலை வெயில் நேராக விழாத ஜன்னலருகே தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்தாள். ஃபிளாஷைத் தொடவில்லை. நிறம் மாறாமல் இருக்க ஒரு சாம்பல் நிற அட்டையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுண்டுவின் இடது கண்குழி சுருங்கிவிடாமலிருக்க அதற்குள் ஒரு வளைந்த தகடு வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இனி பார்க்க வேண்டியது வலது கண் என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தை பிடிகொடுக்கவில்லை. தங்கை மடியில் இறுக்கி உட்காரவைத்தால் நெளிந்தது. பெரியப்பா பிஸ்கட் காட்டினால் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு ஓடியது. "எல்லாரும் வெளிய போங்க" என்றாள் கேமராக்காரி. குளக்கரையில் படுப்பதைப்போலவே தரையில் குப்புறப் படுத்துக் கேமராவைக் கண்ணருகே வைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. சும்மா கிடந்தாள்.

சுண்டு அறையை ஒரு சுற்று சுற்றியது. பெரியம்மாவின் காலை மிதித்தது. முதுகின்மேல் ஏறி இறங்கியது. பெரியம்மா அசையவில்லை என்றானதும் முன்னால் வந்து எதிரே அதுவும் குப்புறப் படுத்தது. லென்ஸின் கண்ணாடியில் என்னவோ தெரிய, கிட்டே நகர்ந்து வந்து உற்றுப் பார்த்தது.

"உள்ள யாரு?" என்றது.

"நீதான் சொல்லேன்."

"பாப்பா."

அது தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் வேண்டிய படங்களை எடுத்தாள். திரையில் கண் முழுதாக நிறைந்திருந்தது. வெறும் பழுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வெளிவட்டம் கரும்பழுப்பு, உள்ளே போகப்போகத் தேன் நிறம், கீழ்ப்பக்கம் ஒரு மஞ்சள் பொறி. இவ்வளவு படம் எடுத்தும் அந்தப் பொறியை அவள் அன்றுதான் பார்த்தாள்.

கண் செய்பவரின் அறை பல் மருத்துவர் அறை மாதிரி இருந்தது. இழுப்பறைகளில் ஈர்க்கு மாதிரித் தூரிகைகளும், சிவப்பு நூல்கண்டும் இருந்தன. வெள்ளைவிழியில் ரத்தநாளம் வரைவதற்கு அந்த நூலின் இழையைத்தான் பிரித்து ஒட்டுவாராம். கொண்டுபோன படங்களை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். "பொறியைக் கூட எடுத்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அதன்பின் யாரிடமும் பேசாமல் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

கண்ணைப் பொருத்தியபோது சுண்டு ஊரைக் கூட்டியது. பொருத்தி முடித்ததும் கண்ணாடியைக் காட்டினார்கள். கண்ணாடியைவிட அதன் சிவப்புக் கைப்பிடி அதற்குப் பிடித்துப்போய், திருப்பித் தரமாட்டேன் என்றது. தங்கை குழந்தையின் எதிரே மண்டியிட்டு இரண்டு கண்களையும் மாறிமாறிப் பார்த்தாள். "எது எதுன்னு தெரியலையே" என்று கணவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் திரும்பிக்கொண்டு, வாசலுக்கு வெளியே லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருந்த பராமரிப்பு அட்டையைப் படிக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. செயற்கைக் கண் நேரே மட்டும்தான் பார்க்கும். பக்கவாட்டில் அவ்வளவாகத் திரும்பாது. இடது பக்கம் மேசை முனை வந்தால் குழந்தை இடித்துக்கொள்ளும். முன்பள்ளியில் சேர்த்த புதிதில் அதைக் கழற்றித் தோழியின் கையில் கொடுத்துவிட்டது. அந்தத் தோழி வீட்டுக்குப் போய்த் தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அழுதாளாம். ஆசிரியை போன் செய்து தடுமாறியபோது தங்கை பொறுமையாக, "சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, தண்ணில அலசி மாட்டிடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைக்குச் சாயம் கலக்கப் போனாள். பரிசோதனை நாள் நெருங்கும்போது மட்டும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இதுவரை எல்லாப் பரிசோதனையிலும் வலது கண் சுத்தமாகவே இருக்கிறது.

போன மாதம் கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெறும் சுவரில் மாட்ட மகளின் படம் ஒன்று வேண்டும் என்று தங்கை அக்கா வீட்டுக்கு வந்தாள். கேமராக்காரி நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தாள். மர நிழலில் உட்கார்ந்திருப்பது, மேனேஜரைக் கட்டிப் பிடித்திருப்பது, ஜன்னல் வெளிச்சத்தில் பாதி முகம். தங்கை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், ஒதுக்கிப் போட்ட படங்களுக்குள் நுழைந்து, ஒன்றில் நின்றாள். பூங்காவில் ஒரு நாயைத் துரத்திக்கொண்டு சுண்டு ஓடுகிற படம். நாயின் வால் மட்டும் இருந்தது. குழந்தையின் முகம் கலங்கியிருந்தது. ஒரு கால் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

"இது."

"அடியே, இதுல ஃபோகஸே இல்ல. கை நடுங்கி எடுத்தது. அழிக்க மறந்துட்டேன்."

"இதுதான் வேணும். இதுல கண்ணைத் தேடத் தோணலை, ஓடறதுதான் தெரியுது."

"கடைக்கு வர்றவங்க என்னை என்ன நினைப்பாங்க?"

"நீ எடுத்ததுன்னு சொல்ல மாட்டேன். போதுமா? பெரிசாப் போட்டுக் குடு."

பெரிதாகப் போட்டால் இன்னும் கலங்கும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தங்கை கேட்கவில்லை. இப்போது அது கடையில் பெரிய கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. முடி வெட்ட உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடிக்குள் தெரியும். யார் எடுத்தது என்று கேட்டால், "எங்க அக்காதான். ஆனா இது அவளுக்குப் பிடிக்காது" என்று தங்கை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.